அத்தி அடியில் பூத்தது

நாள் 498. காலை 7.20

ஊற்று நிலையம், செவ்வாய்.
ஆள்: 1. உள்ளே வெப்பம்: 19. காற்று: சரி. தண்ணீர் மானி: பச்சை.

மரம்: அடிமரத்தில் வேர்முட்டிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு வெள்ளைப் படிவு. எடுத்தாகிவிட்டது.

செய்த முறை: தொட்டி மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடினேன். ஒரு மூடி வினிகர், இரண்டு மூடி தண்ணீர். பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்து மேலிருந்து கீழாகத் தேய்த்தேன். பட்டை மடிப்பில் இருந்ததைக் குச்சியால் நோண்டினேன். பிறகு தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தேன். ஐம்பது நிமிடம் ஆனது.

தரையிலிருந்து வந்தது: "மரத்தின் தண்டு படத்தில் வெள்ளையாகத் தெரிகிறது. நாள் 520-இல் புதிய குழு இறங்கியதும் வரவேற்பு ஒளிபரப்பு மரத்தின் முன்னால் நடைபெறும். தினமும் சுத்தம் செய்யவும். பட்டை காயப்படக் கூடாது."

———

கோட்டுக்கு மேலே எழுதியதைப் பெட்டியிடம் வாசிப்பேன். பெட்டி அதை அவர்கள் பாஷையில் மாற்றிப் பூமிக்கு அனுப்பும். கோட்டுக்குக் கீழே உள்ளது பெட்டிக்குக் கிடையாது. இந்த நோட்டை யார் கண்டெடுக்கிறீர்களோ உங்களுக்கு.

என் பெயர் இசக்கித்தாய். ஐந்தாம் வகுப்பு. இங்கே பெருக்கித் துடைக்க, சமைக்க, செடி பார்க்க வந்தேன். மகள் ராஜகனி தண்ணீர் இன்ஜினியர். அவளுக்காகத்தான் என்னையும் சேர்த்து எடுத்தார்கள். மூன்று பேர் இருந்தோம். தலைவர் ஹென்ரிக் சார் நாள் 451-இல் இறந்துபோனார். ராஜகனி நாள் 479. கழுத்து வீங்கியது, குளிர் குளிர் என்றாள், தொட்ட இடமெல்லாம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றியது, ஈறில் ரத்தம் நிற்கவில்லை. இரண்டு பேருக்கும் அதே மாதிரி. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டதாம். வானத்துக் கதிர் பட்டதால் என்று தரை சொன்னது. தரை என்றால் பூமியில் உட்கார்ந்து எங்களை ஏவுகிற ஆபீஸ்.

மரம் சார் கொண்டு வந்தது. அத்தி. நாற்பத்தொரு வயதாம், ஒன்றரைச் சாண் உயரம். வளரவிடாமல் கம்பி சுற்றி வைத்திருக்கிறார்கள். என் மகள் கடைசி வாரத்தில் கூடுதலாக ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். ரேஷன் முடிந்தது என்றது பெட்டி. மரத்துக்கு அன்றும் முந்நூறு மில்லி ஊற்றச் சொன்னது. ஊற்றினேன்.

நாள் 499. காலை 7.30

ஆள்: 1. வெப்பம்: 19. தண்ணீர் மானி: பச்சை.
மரம்: படிவு மறுபடியும் வந்துவிட்டது. மெல்லிசாக, மாவு தூவினது போல். தேய்த்தேன்.
வலம்புரி கப்பல் முதன்முறையாக நேரடியாகக் கூப்பிட்டது.

———

கப்பலில் எட்டுப் பேர் வருகிறார்கள். பக்கம் வந்துவிட்டதால் நான் பேசி, அவர்கள் பதில் வர ஒரு நிமிடம்தான்.

"வலம்புரி பேசுதேன். ஊத்துல தமிழ் ஆளு இருக்கிறதாச் சொன்னாவ. நான் மதலைமுத்து. ஊரு புன்னைக்காயல். கப்பல்ல மோட்டாரு பாக்குதேன்."

இசக்கித்தாய், முள்ளக்காடு என்றேன்.

"முள்ளக்காடா? உப்பளத்துக்காரியா? நாசமாப் போச்சு. இம்புட்டுத் தூரம் வந்தும் உப்பளத்துக்காரிதான் பக்கத்து வீடா. யக்கா, அந்த மரம் சொகமா? எங்க கேப்டனம்மா அதைப் பத்தியே பேசுதாவ. வந்து எறங்குனா அதுக்கு மாலை போட்டுத்தான் மறுவேலை பாப்பாவ போல."

மரம் நன்றாகத்தான் இருக்கிறது, என் மகள் செத்துப்போனாள் என்றேன்.

ஒரு நிமிடம் போனது.

"தெரியும் யக்கா. தெரிஞ்சுதான் வேற என்னத்தையோ பேசுனேன். மன்னிச்சிக்கிடுங்க."

நாள் 501. காலை 8.00

ஆள்: 1. வெப்பம்: 19. தண்ணீர் மானி: பச்சை.
மரம்: படிவு தினமும் வருகிறது. ஒரு சோதனை தொடங்கியிருக்கிறேன்.

———

முந்தாநாள் முழுக்க மரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்றுத்தான் புத்தி வந்தது. மரம் உப்பை விளைவிக்காது. பாத்தியில் தண்ணீர் நின்று வற்றினால்தான் உப்பு. ஊற்றுகிறவள் நான். துடைக்கிற துணியை நனைப்பதும் அதே தண்ணீரில். உப்பை வைத்து உப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராஜகனியின் அறையில் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. வெளிக்குளிருக்கு உள்பக்கம் வேர்க்கும். மூச்சுக்காற்றின் ஈரம் அது, குழாய்த் தண்ணீர் கிடையாது. நாளெல்லாம் வழித்தால் ஒரு டம்ளர் கிடைக்கும்.

அடிமரத்தின் நடுவில் நூல் கட்டினேன். இடப்பக்கம் குழாய்த் தண்ணீரால் துடைப்பது. வலப்பக்கம் கண்ணாடித் தண்ணீரால். இரண்டும் தனித்தனித் துணி. மண்ணுக்கு இந்த மூன்று நாளும் தண்ணீர் கிடையாது.

நாள் 504. காலை 7.15

ஆள்: 1. வெப்பம்: 19. தண்ணீர் மானி: பச்சை.

சோதனை முடிவு: மரத்தின் இடப்பக்கம் வெள்ளை. வலப்பக்கம் பட்டை பட்டையாகவே இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் உப்பு இறங்குகிறது. வடிகட்டி கெட்டுவிட்டது. மானியும் கெட்டிருக்க வேண்டும். அதன் முனையிலும் இதே படிவு கட்டியிருந்தால் அது எப்போதும் பச்சைதான் காட்டும். மானி வெளியே, தண்ணீர் எடுக்கும் பனிக்குழியின் அடியில், வடிகட்டிக்கு அடுத்து இருக்கிறது. வெளியே போக இரண்டு பேர் வேண்டும் என்பது விதி. என்னிடம் ஒரு ஆள்தான்.

இந்தத் தண்ணீரைக் கப்பலில் வருகிறவர்கள் குடிக்கக் கூடாது.

தரையிலிருந்து வந்தது: "உங்கள் துயரத்தை மதிக்கிறோம். மானியின் அளவு முந்நூறு நாட்களாக மாறவில்லை. தண்ணீர் தூய்மையானது. ஓய்வு எடுக்கவும். மரத்தின் இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும்படி சுத்தம் செய்யவும்."

———

முந்நூறு நாட்களாக மாறாத தண்ணீரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. கடல் கூட ஆடிக்கு ஒரு ருசி, மாசிக்கு ஒரு ருசி.

இடப்பக்கத்துப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தேன். நான் இருபத்திரண்டு வருஷம் உப்பு வாரினவள். சாப்பாட்டு உப்பு எது, வாரின பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரின் உப்பு எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இது இரண்டும் கிடையாது. முதலில் கரித்தது, அப்புறம் கசந்தது. துப்பிவிட்டு வாயைக் கழுவ எழுந்தேன். குழாயைத் திறந்த பிறகுதான் எதில் கழுவப் போகிறேன் என்று உறைத்தது.

நாள் 505. காலை 11.40

ஆள்: 1. வெப்பம்: 19. மானி: பச்சை என்று எழுதச் சொல்கிறார்கள், எழுதியிருக்கிறேன்.

———

காலையில் மதலைமுத்துவிடம் எல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, உங்கள் சரக்கில் புது வடிகட்டி இருக்கிறதா பார் என்றேன். என் மகள் கேட்டிருந்தாள். இரண்டு தடவை எழுதினாள், எனக்குத் தெரியும். வடிகட்டி உழைக்க வேண்டிய மணிக்கணக்கு முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று.

அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"யக்கா, பட்டியல்ல வடிகட்டி இருந்துச்சு. கப்பல் கெளம்புததுக்கு முன்ன அடிச்சுட்டாவ. அந்த எடத்துல விளக்கும் கேமராவும் ஏத்தியிருக்கு, வரவேற்புக்கு. பக்கத்துல காரணம் போட்டிருக்கு, வாசிக்கேன். 'நிலையத்தின் அத்தி மரம் பூத்துள்ளது. தண்ணீரின் தரத்துக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.' அன்னைக்கு எங்களுக்கெல்லாம் கேக்கு வெட்டுனாவல்லா. செவ்வாயில முதல் பூன்னு. யக்கா, நீங்கதான எழுதுனிய, நாள் 286?"

நான் என்ன எழுதினேன் என்று கேட்டேன்.

"உங்க எழுத்தையும் ஒட்டியிருக்காவ. 'அத்தி அடியில் பூத்திருக்கு. துடைத்துவிட்டேன்.' யக்கா? யக்கா, லைன்ல இருக்கியளா?"

லைனில்தான் இருந்தேன்.

"ஒரு நிமிஷம். பூத்திருக்குன்னா நீங்க உப்பையா சொன்னிய?"

நாள் 505. மதியம் 3.10

பெட்டிக்கு எதுவும் இல்லை.

———

எங்கள் பக்கம் உப்பு என்று தனியாகச் சொல்வது கிடையாது. சுவர் பூத்திருக்கு, கல் பூத்திருக்கு, மாமனார் வேட்டியைக் காயப்போட்டால் வேட்டி பூத்திருக்கு. முள்ளக்காட்டில் பூத்திருக்கு என்றால் வேறு என்ன பூக்கும். அளத்துக்குப் பக்கத்தில் மல்லிகையா வைத்திருக்கிறோம்.

பெட்டிக்கு அது தெரியாது. பூ என்றதும் பூ என்று அனுப்பிவிட்டது. அங்கே ஒரு படித்த ஆளாவது கேட்டிருக்க வேண்டாமா? அத்தி வெளியே தெரிய எங்கே பூக்கிறது? பூவைக் காய்க்குள் ஒளித்து வைக்கிற மரம் அது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளையிடம் சொன்னாலும் சிரிக்கும். கேக்கு வெட்டியிருக்கிறார்கள். துடைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேனே, பூவை எவளாவது துடைப்பாளா?

அதைவிடப் பெரியது ஒன்று. ராஜகனி பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அவள் படித்ததே தண்ணீரைத்தான். மரத்தில் வெள்ளையைக் கண்டிருந்தால் அன்றைக்கே குழாயை அடைத்திருப்பாள். அவள் கண்ணில் படவில்லை. தினமும் அவள் எழுவதற்கு முன்னால் நான் எழுந்து துடைத்துவிடுவேன். உன் அம்மா வேலை சுத்தமில்லை என்று சார் அவளிடம் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது, அது ஒன்றுதான் எனக்கு. இருநூறு நாள். அவள் போகிறவரை ஒரு நாள் கூட விடவில்லை. காய்ச்சலில் கூட எழுந்து துடைத்தேன்.

அவள் ஒருமுறை கேட்டாள். "ஏம்மா, விடியுமுன்ன அந்த மரத்துகிட்ட என்ன ரகசியம் பேசுத?" என்று. உனக்கு மாப்பிள்ளை கேட்கிறேன் என்றேன். சிரித்தாள்.

நாள் 508. காலை 10.00

ஆள்: 1. வெப்பம்: 19.

சோதனை இரண்டு. மரத்தடிப் பொடியைக் கண்ணாடித் தண்ணீரில் கரைத்து ஒரு பருத்தித் துணிக்கீற்றை ஊறவைத்துக் காயவைத்தேன். இன்னொரு கீற்றை வெறும் கண்ணாடித் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தேன். மரத்துக் கேமரா முன்னால் தட்டில் வைத்து இரண்டையும் கொளுத்தினேன். வெறும் துணி துணி மாதிரி எரிந்தது. பொடித் துணி திரி மாதிரிச் சீறி, இரண்டு எண்ணுவதற்குள் தீர்ந்தது. இது சாப்பிடும் உப்பு இல்லை. பட்டாசுக்குப் போடும் உப்பு வகை. இந்த மண்ணில் இது நிறைய உண்டு என்று ராஜகனியின் நோட்டிலேயே இருக்கிறது. கழுத்துக்கும் ரத்தத்துக்கும் கெடுதல் என்றும் அதிலேயே இருக்கிறது. பக்கத்தைக் கேமராவில் காட்டினேன்.

———

கல்யாணத்துக்கு முன்னால் சாத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலையில் திரி உருட்டினேன். அந்தச் சீறல் என் காதுக்குத் தெரியும். என் மகளுக்கு அதைத்தான் கஞ்சியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். காய்ச்சலுக்கு நல்லது, நிறையக் குடி என்று.

என் கழுத்திலும் எலுமிச்சம்பழம் அளவு வந்துவிட்டது. முழங்கையை மேசையில் ஊன்றினேன், கன்றிப்போனது.

நாள் 509. காலை 9.00

தரையிலிருந்து வந்தது: "நிலையத்துக்குள் தீ வைப்பது மிகக் கடுமையான விதிமீறல். நிலையத்தின் காற்றில் எந்தத் துணியும் வேகமாக எரியும். மரம் தீயிலிருந்து ஒன்றரை அடி தொலைவில் இருந்தது. நீங்கள் மனநிலை பாதிக்கப்பட்டவராகக் கருதப்படுகிறீர்கள். உங்கள் குறிப்புகள் கப்பல் குழுவுக்குக் காட்டப்படமாட்டா."

———

எந்தத் துணியும் வேகமாக எரியுமாம். பக்கத்திலேயே இன்னொரு துணி மெதுவாக எரிந்ததே, அதைப் பார்க்கக் கண் இல்லை. மரம் எவ்வளவு தூரம் என்று அளக்கக் கண் இருக்கிறது.

மதலைமுத்து மதியம் கூப்பிட்டான். கள்ளத்தனமாக, கிசுகிசுத்துக்கொண்டு.

"யக்கா, நான் நம்புதேன். பூத்திருக்குன்னா எங்கம்மையும் அதைத்தான் சொல்லுவா. கேப்டனம்மா கிட்ட போயிச் சண்டையே போட்டுட்டேன். அவ சொல்லுதா, பச்ச வெளக்கு எரியுது, பொம்பள தீயைக் கொளுத்துதா, நான் எதை நம்பட்டும்ங்கா."

திரும்பிப் போய்விடுங்கள் என்றேன்.

"திரும்பலாம். நாள் 516, சாயங்காலம் நாலு நாப்பது. அதுவரைக்கும் கப்பலைத் திருப்பி வீட்டுக்கு விடலாம், இருக்கிற தண்ணி போதும். அதைத் தாண்டுனா எறங்கித்தான் ஆகணும். எறங்குனா குடிக்கவும், திரும்ப ஏற எரிபொருளுக்கும் உங்க தண்ணிதான். ஆனா தரை சொல்லாம கேப்டனம்மா திருப்ப மாட்டா. மத்த ஏழு பேரும் எறங்கணும்னுதான் நிக்கானுவ. வருஷக்கணக்கா இதுக்குன்னே ஒழைச்சவனுவ."

எட்டுப் பேரின் பெயரையும் சொல்லச் சொன்னேன். எழுதிக்கொண்டேன். ஒருத்தி ராஜகனி வயதுக்காரி.

நாள் 511. காலை 8.30

ஆள்: 1. வெப்பம்: 19.
தண்ணீரில் விஷம் இருக்கிறது. கப்பலைத் திருப்புங்கள். தண்ணீரில் விஷம் இருக்கிறது. கப்பலைத் திருப்புங்கள். இதில் பூ இல்லை, காய் இல்லை. பெட்டியே, இதையாவது ஒழுங்காகச் சொல்.

தரையிலிருந்து வந்தது: "இது இறுதி எச்சரிக்கை. மீண்டும் பொய்யான குறிப்பு வந்தால் உங்கள் குறிப்புகளை ஏற்பதை நிறுத்துவோம். நிலையத்தில் ஆள் இருப்பதற்கு இந்தக் குறிப்பு ஒன்றே சான்று. மூன்று நாட்கள் குறிப்பு இல்லாவிட்டால் ஊற்று ஆளில்லா நிலையம் என்று அறிவிக்கப்படும். வெப்பம் நிறுத்தப்படும். இறங்குதள விளக்கை ஏற்ற ஆள் இல்லாத நிலையத்தில் எந்தக் கப்பலும் இறங்காது. உங்களை மீட்க யாரும் வரமாட்டார்கள். நன்றாக யோசித்துக்கொள்ளவும்."

———

யோசித்தேன்.

நாள் 512. காலை 7.20

ஆள்: 1. வெப்பம்: 19. காற்று: சரி. தண்ணீர் மானி: பச்சை.
தரை சொன்னது சரி. தண்ணீர் நல்ல தண்ணீர். மரத்தைத் துடைத்தேன்.
உடம்பு மிகவும் முடியவில்லை. நெஞ்சு அடைக்கிறது. படுக்கப் போகிறேன்.

———

பெட்டிக்குக் கடைசியாக வாசித்தது இதுதான்.

இப்படி எழுதினால் நம்புவார்கள். பொய் சொன்னால் மட்டும் நம்புகிற ஜனங்கள்.

எண்ணிப் பார்த்தேன். 513, 514, 515. 515 சாயங்காலம் ஆளில்லாத நிலையம். 516 சாயங்காலம் நாலு நாற்பதுவரை கப்பலைத் திருப்பலாம். கணக்கு உதைக்காது.

மரம் இருக்கும் கூடத்தில் மட்டும்தான் கேமரா வேலை செய்கிறது. ராஜகனி அறையில் இல்லை. நோட்டு, பேனா, அவளுடைய இரண்டு கம்பளி, பிஸ்கட், கண்ணாடி வழிக்கத் துணி, ரேடியோ. ரேடியோவில் கேட்க மட்டும் செய்வேன். கதவைச் சாத்திவிட்டேன்.

நாள் 513. மதியம்

இனிமேல் கோடு போட வேண்டியதில்லை. எல்லாமே கீழேதான்.

மதலைமுத்து இரண்டு தடவை கூப்பிட்டான். "யக்கா, என்ன, கோவமா? மரத்துக்குத் தலை சீவி விட்டுட்டு இருக்கியளா?"

பதில் சொல்லவில்லை. சும்மா இருப்பது கஷ்டம் என்று நினைக்கவில்லை. நாற்பது வருஷமாக எவன் கூப்பிட்டாலும் வாரேன் என்று ஓடின வாய் இது.

நாள் 514. காலை, சாயங்காலம்

அவள் தலையணையில் இன்னும் முடி இருக்கிறது. எடுக்கவில்லை. இதை மட்டும் நான் சுத்தம் செய்யவில்லை.

தரை மூன்று தடவை கூப்பிட்டது. மூன்றும் மரத்தைப் பற்றி. "மரத்தின் படத்தில் இலைகள் உதிர்ந்திருக்கின்றன. பராமரிப்பாளர் பதில் அளிக்கவும்." நாலாவது தடவைதான் என் பெயரைச் சொன்னது. அதையும் தப்பாகச் சொன்னது.

சாயங்காலம் மதலைமுத்து. "யக்கா, வெளையாடாதிய. உடம்புக்கு என்ன? ஒரு இருமு இருமுங்க, போதும்."

இருமல் வந்தது. கம்பளியை வாயில் திணித்துக்கொண்டேன். ரேடியோ நான் அமுக்கினால்தான் பேசும் என்று தெரியும். தெரிந்தும் திணித்தேன்.

நாள் 515. சாயங்காலம் 6.00

சொன்ன நேரத்துக்குச் சரியாகச் சூடு நின்றது. அதில் எல்லாம் குறை சொல்ல முடியாது. மோட்டார் நின்ற பிறகுதான் இத்தனை நாளாக ஒரு சத்தம் இருந்தது என்றே தெரிகிறது.

தரையிலிருந்து வந்தது, எல்லோருக்கும் பொதுவாக: "ஊற்று ஆளில்லா நிலையம். பணியாளர் மூவரும் இறந்தனர். வலம்புரி திரும்புவதற்கு ஆயத்தம் செய்யவும்."

திரும்பு என்று அந்த வாயாலேயே சொல்லிவிட்டது.

நாள் 516. காலை

கண்ணாடியில் இப்போது தண்ணீர் இல்லை, பனிதான். நகத்தால் சுரண்டி வாயில் போட்டுக்கொள்கிறேன். மையைக் கக்கத்தில் வைத்து இளக்கி எழுதுகிறேன்.

கண்டெடுப்பவருக்கு. குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். வடிகட்டியை மாற்றுங்கள். மானியின் முனையைச் சுரண்டுங்கள். மகள் வடக்குக் குளிரறையில் இருக்கிறாள், நீலப் போர்வை. சார் பக்கத்தில்.

516. மதியம் 2 இருக்கும்

மதலைமுத்து விடவில்லை. கேப்டனம்மா பக்கத்தில் நிற்கிறாள் போல, அவள் குரலும் கேட்கிறது.

"யக்கா, நல்லாக் கேளுங்க. கேப்டனம்மா கிட்ட கெஞ்சி ஒரு வாக்கு வாங்கியிருக்கேன். நாலு நாப்பதுக்குள்ள உங்க வாயில இருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தாப் போதும், தரை என்ன சொன்னாலும் எறங்கி உங்களை ஏத்திக்கிடுதோம்னு சொல்லிட்டா. தண்ணிய பெறவு பாப்போம். எட்டுப் பேரு இருக்கோம், ஏதாச்சும் செய்ய மாட்டமா? ஒரு வார்த்தை யக்கா."

ஏழு பேர் ஆசை. எட்டாவது ஆளுக்கு இரக்கம். இரக்கம்தான் பெரிய ஆபத்து.

3.30

இப்போது திட்டுகிறான். நான் உயிரோடு இருந்தால் ரோஷம் வந்து பதில் பேசுவேன் என்று.

"ஏ கெழவி, காது அவிஞ்சு போச்சா? அம்புட்டு நெஞ்சழுத்தமா? உம் மவளைக் கொன்னது நீதான், நீ எழுதுன எழுத்துதான். கேக்குதா? ஒனக்குச் சோறு போடணும்னு கூட்டிட்டு வந்த பிள்ளையை நீதான் கொன்ன. இல்லன்னு சொல்லு பாப்போம். வாயத் தொறந்து இல்லன்னு சொல்லு."

சொல்லிவிட்டு அழுகிறான். இங்கே கேட்கிறது.

அவன் சொன்னதில் இல்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

4.40

கேப்டனம்மா அவர்கள் பாஷையில் எண்ணினாள். பத்தில் இருந்து கீழே. அப்புறம் கரகரவென்று ஒரே இரைச்சல், வெகு நேரம். திரும்பிவிட்டார்கள்.

எட்டுப் பெயரையும் ஒரு தடவை வாசித்தேன். வாய்விட்டு. யாரும் இல்லை.

5 க்கு மேல்

விரல் மடங்கவில்லை. பேனாவைத் துணியால் கட்டி

இப்போது பேசலாம். பேசினால் தப்பு ஒன்றும் இல்லை. கப்பல் திரும்பியது திரும்பியதுதான். பொத்தான் கைக்கு எட்டுகிறது. மதலைமுத்து, நீ திட்டியதில் எனக்கு வருத்தம் இல்லை தம்பி என்று சொல்லலாம்.

சொன்னால் அவனுக்குத் தெரிந்துபோகும். உயிரோடு இருந்த ஆளை விட்டுவிட்டு வந்தோம் என்று. அந்த மாதிரி ஒன்றைத் தெரிந்துகொண்டு காலையில் எழுந்து பல் துலக்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். அந்தப் பாடு எனக்குப் பதினோரு நாள்தான். அவனுக்கு வயசு இருக்கிறது.

ரேடியோவைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் சூடு இருக்கிறது அதில்.

அவன் இன்னும் போகவில்லை. குரல் தேய்ந்துகொண்டே

"யக்கா. திட்டுனது மனசுல இருந்து இல்ல. செத்தவிய கிட்ட சொல்லுதேன் பாருங்க, பைத்தியக்காரன். நாங்க பத்திரமாத்தான் இருக்கோம். எட்டுப் பேரும். சின்னவ ஒருத்தி இருக்கா, அவதான் ரொம்ப அழுதா. யக்கா, கேக்குதா?"

கேட்கிறது